கம்ப்யூட்டரை எரித்த மாப்பிள்ளை

தம்பி,

இன்னும் இருபத்திரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். அப்பா என்கிற முறையில் நாலு நல்ல வார்த்தை சொல்லி உனக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது உன் அம்மாவின் உத்தரவு. போன வாரம் வரை அப்படி ஒன்றைப் பாதி எழுதியும் வைத்திருந்தேன். கோபத்தைக் குறை, சேமித்துப் பழகு, மாமனார் வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லாதே என்று எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இது வேறு கடிதம். நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் பதினொரு வருஷமாக உன்னைப் பற்றி நான் ஒரு பொய்யை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சொன்னது சபையில், திருத்துவது மட்டும் காதோடு காதாக என்றால் நியாயமில்லை. அதனால் இதைக் கல்யாணத்துக்கென்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில், சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன். கூச்சமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொள்.

எந்தப் பொய் என்று உனக்குத் தெரியும். "எம் பையன் விளையாடியே ஒரு கம்ப்யூட்டர எரிச்சவன்." இதைச் சொல்லாமல் எந்த விசேஷ வீட்டிலிருந்தும் நான் கிளம்பியதில்லை. உன் நிச்சயதார்த்தப் பந்தியிலும் எடுத்துவிட்டேன். வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து சம்பந்தி உன்னைக் 'கம்ப்யூட்டர எரிச்ச மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார். "பொண்ணுக்கு வாங்கி வச்சிருக்கற மிக்சியையாவது விட்டுவைக்கச் சொல்லுங்க" என்று போனிலும் கேலி செய்கிறார். அன்று நீயும் சிரித்தாய். தலையைக் குனிந்தபடி, இலையில் இருந்த அப்பளத்தைச் சின்னச் சின்னதாக நொறுக்கிக்கொண்டே சிரித்தாய். அதை நான் பார்த்தேன். பார்த்தும் கதையை நிறுத்தவில்லை.

விஷயம் எப்படி வெளியே வந்தது என்று சொல்கிறேன். நான் இத்தனை வருஷம் வீட்டுப் பிளான் போட்டதெல்லாம் தட்டையான கோடுகளில்தான். அதற்கு உன் பழைய கம்ப்யூட்டரே போதும். இந்தத் தடவை திருமலைராயன்பட்டினத்து ஹாஜா பாய் குவைத்திலிருந்து பேசினார். "அண்ணே, நீங்க கோடு கோடாப் போட்டு அனுப்புறீங்க. நான் எதையோ பாத்துத் தலையாட்டிடுவேன். வூட்ல உள்ளவங்களுக்கு ஒண்ணும் புரியலங்கறாங்க. வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும் நடந்து போய்ப் பாக்குற மாதிரி போட்டுத் தாங்கண்ணே" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கான மென்பொருளை ஏற்றித் திறந்தால், வீட்டின் ஒரு சுவர் திரும்புவதற்குள் நான் காபி குடித்து முடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். உனக்குப் போன் செய்தேன். "புதுசு வாங்கிக்கங்கப்பா" என்றாய். நாலே வார்த்தை பேசினால் அதிகம் என்பது போலத்தான் நீ என்னிடம் எப்போதும் பேசுவாய். எனக்கு வீம்பு வந்துவிட்டது. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் இதுவே ஓடும் என்று எங்கோ படித்துவிட்டு, மூன்று விசிறி வைத்த பெரிய கார்டு ஒன்றை நானே வரவழைத்தேன்.

நீளம் சரியாக இருக்குமா என்று டேப்பை வைத்து அளந்துதான் வாங்கினேன். ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியை வெளியில் அளந்தேன். சுவர்க் கனத்தைக் கழிக்காமல் அறை அளவு சொல்கிற கொத்தனாரை நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், உனக்குத் தெரியும். அதே வேலையை நானே செய்திருக்கிறேன் என்பது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரைக்காலில் சகாயமேரியின் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கடையில் வேறு யாரும் கிடையாது, எல்லாம் அவள்தான். ஸ்க்ரூவைக் கழற்றி, பக்கத்துத் தகட்டை இழுத்துவிட்டு, கார்டை வைத்துப் பார்த்தாள். "வெளி நீளம் சரிதான் சார். உள்ளாற ஹார்ட் டிஸ்க் உக்காந்திருக்கே, அத எங்க போகச் சொல்றது?" என்றாள். அதோடு, இந்தக் கார்டுக்குத் தனியாகக் கரண்டு வயர் வேண்டும், இந்தப் பழைய பவர் சப்ளை அதைத் தாங்காது என்றும் சொன்னாள். திருப்பி அனுப்பிவிட்டு, சொருகுகிற ஸ்லாட்டிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்கிற சின்னக் கார்டாக வாங்கினால் போதும், நாளைக்கு வரவழைத்துத் தருகிறேன் என்றாள்.

அதற்குப் பிறகுதான் கழற்றிய தகட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். காற்றுப் போவதற்காக அதில் இருக்கிற ஓட்டைகள் முழுவதையும் மூடி பிரவுன் டேப் ஒட்டியிருந்தது. முன்பக்கத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள், அங்கேயும் டேப். மேல்பக்கமும் டேப். "மூச்சு விடவே வழியில்லாமப் பண்ணி வச்சிருக்காங்களே. முன்னாடி இதுல கார்டு ஏதும் இருந்துச்சா சார்?" என்றாள். ஒன்று இருந்தது, எரிந்துபோனது என்றேன். "எரியாம என்ன செய்யும்? யாரு சார் இத ஒட்டுனது?"

என் வாய் யோசிக்கவே இல்லை. "எம் பையன்தான். சின்ன வயசுல, ஏதோ விளையாட்டுத்தனமா" என்றேன்.

வண்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஒட்டியவன் நான். இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன், ஒட்டியவன் நான்.

உன் பிரான்சு மாமா, அதாவது உன் அம்மாவின் அண்ணன், அந்த வருஷம் லீவுக்கு வந்தபோது உனக்கு அந்தக் கார்டைக் கொண்டுவந்தார். சாக்லேட், சென்ட் பாட்டிலுக்கு நடுவில் ஒரு கறுப்பு டப்பா. "இந்தாங்க முசே, நீங்க கேட்ட சாமான்" என்று உன் கையில் கொடுத்தார். பிளஸ் டூ படிக்கிற பிள்ளையைப் பெரிய மனுஷனைப் போல முசே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டதில் உனக்கு ஒரு அடி உயரம் கூடிவிட்டது. எனக்கோ பொருளைப் பார்த்ததும் பயம். நாம் இருப்பது கோட்டுச்சேரியிலிருந்து திருவேட்டக்குடி போகிற சாலை. நம் வீட்டு ஜன்னல் கம்பி இரண்டு மழைக்குத் தாங்கியதில்லை. ஃபிரிட்ஜின் அடிப்பாகம், கேட்டின் கீல், சைக்கிள் செயின் எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றிருக்கிறது. வீடு கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதே "கடல் பக்கம் இரும்ப நம்பாதீங்க" என்பதுதான். பிரான்சிலிருந்து வந்த பொருளை இந்தக் காற்றுக்குக் கொடுப்பதா என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, ஸ்கேல் வைத்து அளந்து, டேப்பை வெட்டி, ஒவ்வோர் ஓட்டையாக அடைத்தேன். பின்பக்கத்தில் மட்டும் வயராக இருந்ததால் தொடவில்லை. ஒரு பெரிய பாதுகாப்பு வேலையை முடித்த திருப்தியில் மீன் குழம்பும் சாதமும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் வீடெல்லாம் கருகல் நாற்றம். திரையில் கோடு கோடாக ஓடி நின்றுபோயிற்று. மாமா ஊருக்குத் திரும்பவில்லை, இன்னும் இங்கேதான் இருந்தார். அவர் எதிரில், அவர் பிள்ளைகள் எதிரில், உன் அத்தை எதிரில் நான் கத்தினேன். "ராப்பகலா விளையாடி மாமா குடுத்த பொருள எரிச்சுட்டியே, உனக்கெல்லாம் எதுக்குடா கம்ப்யூட்டர்?" நீ "விளையாடலப்பா, வரைஞ்சுக்கிட்டிருந்தேன்" என்றாய். என்ன வரைந்தாய் என்று நான் கேட்கவில்லை. திருவேட்டக்குடிக் கரையில் நிற்கிற ஒரு ஃபைபர் படகை, சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி வரைந்துகொண்டிருந்தாய் என்று உன் அம்மா பிற்பாடுதான் சொன்னாள். கார்டைக் கழற்றி டப்பாவில் போடச் சொன்னேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் கழற்றினாய். கம்ப்யூட்டரை என் ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோனேன். கார்டு இல்லாமலும் அது ஓடும் என்பதால், அன்றிலிருந்து அதில் நான்தான் பிளான் போடுகிறேன்.

நீ வரைவதை விடவில்லை. இன்று கோயம்புத்தூரில் பம்புசெட்டு வடிவமைக்கிற வேலையில் இருக்கிறாய், நல்ல பெயர் எடுத்திருக்கிறாய் என்று உன் நண்பர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் காட்டுவதைத்தான் விட்டாய். அதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு கோணல் பூனை வரைந்தால்கூட ஓடிவந்து காட்டிய பிள்ளை நீ. பதினொரு வருஷத்தில் ஒரு மார்க் ஷீட்டைக்கூட நீயாக என் கையில் கொடுத்ததில்லை. கயல்விழியைப் பிடித்திருக்கிறது என்பதையும் அம்மாவிடம்தான் சொன்னாய், எனக்கு அது ரசம் சாதத்தோடு வந்து சேர்ந்தது. ஆண்பிள்ளை வளர்ந்தால் அப்படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சகாயமேரியின் மேஜையில் அந்த டேப்பைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் செல்லவில்லை.

மறுநாள் சின்னக் கார்டு வந்துவிட்டதென்று போனில் சொன்னாள். போனேன். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பிறகு அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "அந்த டேப்ப ஒட்டுனது பையன் இல்லம்மா. நான்தான். உப்புக் காத்து உள்ள போகக் கூடாதுன்னு." அவள் நிமிர்ந்து பார்க்காமலே ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டு, "தெரியும் சார். பையன்னு சொல்லும்போது நீங்க எம் மூஞ்சியப் பாக்கல" என்றாள். நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அவளோ டேப்பை எல்லாம் உரித்து எறிந்து, உள்ளே இருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ரேம் என்கிற மெமரிப் பலகையின் காலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்தாள். "பாத்தீங்களா, உப்புக் காத்து ஒண்ணும் பண்ணல. நீங்கதான் பண்ணுனீங்க" என்று வேறு சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. எவ்வளவு லேசாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். தப்பு என்னுடையது என்று சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கல்யாணமாகிப் போகிற உனக்கு இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற ஒரே புத்தி இதுதான். வீட்டில் ஏதாவது எரிந்தால், யாரைக் கத்தலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு தடவை பார். உன் கைவேலை ஏதாவது உள்ளே ஒட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. அதே பழைய ஆமை. பணம் போச்சு, மேரி ஏமாற்றிவிட்டாள் என்று நான் ஆரம்பித்தபோது உன் அம்மா பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தாள். "ஏங்க, டிவி வயர் மாதிரி ஒண்ணு சொருகி வச்சிருக்கீங்களே, அதே மாதிரி இன்னொரு ஓட்டை கீழ புதுசா பளபளன்னு இருக்கு. அது எதுக்கு?" மானிட்டர் வயரைப் புதுக் கார்டில் சொருகாமல் பழைய இடத்திலேயே சொருகி வைத்திருந்தேன். புதுக் கார்டு தேமே என்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. பார்த்தாயா, மூடியைக் கழற்றிப் பார் என்று உனக்கு எழுதுகிறவன், மேரியிடம் தப்பை ஒப்புக்கொண்ட அடுத்த மணி நேரத்திலேயே அவளைக் கத்தக் கிளம்பியவன்தான். வயரை மாற்றிச் சொருகியதும் ஹாஜா பாயின் வீடு கண்ணெதிரே எழுந்து நின்றது. வாசல், கூடம், மாடிப்படி என்று உன் அம்மாவை உட்காரவைத்துச் சுற்றிக்காட்டினேன். அடுப்படிக்குள் நுழைந்ததும், "நில்லுங்க. அடுப்புக்கு நேரா ஜன்னல வச்சிருக்கீங்க. கடல் காத்து அடிச்சா அடுப்பு எப்படி நின்னு எரியும்?" என்றாள். முப்பது வருஷமாக நான் போட்ட எல்லாப் பிளானிலும் ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்க காட்டுனீங்க?" என்றாள். ஜன்னலை இடம் மாற்றி அனுப்பினேன். குவைத்திலிருந்து ஹாஜா பாய், வீட்டில் உள்ளவர்களுக்கு முதல் தடவையாகப் புரிந்தது என்று ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

அன்றைக்கே உன் அம்மாவிடம் டேப் கதையைச் சொன்னேன். "சம்பந்தி வீட்டுக்குப் போன் போடுங்க. கல்யாணத்தன்னைக்கு எம் புள்ளைய யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது" என்றாள். முந்தாநாள் மதியம் போட்டேன். சம்பந்தி வெளியே போயிருந்தார். கயல்விழிதான் எடுத்தது. "சொல்லுங்க மாமா" என்றது. வருகிற மருமகளிடம் முதன்முதலாகத் தனியாகப் பேசுகிற பேச்சு இதுவா என்று தயங்கினாலும், தயங்கினால் நாளைக்குத் தள்ளிவிடுவேன் என்று முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"தெரியும் மாமா" என்றது.

"எப்படிம்மா?"

"நிச்சயத்தன்னைக்கு எங்கப்பா கேலி பண்ணுனது எனக்குப் பிடிக்கல. ஏன் பேசாம சிரிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னு உங்க பையன்கிட்ட கேட்டேன். அப்பச் சொன்னாங்க. எரிஞ்ச கார்டக் கழட்டும்போதே டேப்பப் பாத்துட்டாங்களாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பார்த்தவன் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அளந்து அளந்து ஒட்டியிருந்தீங்களாம் மாமா, ஒரு ஓரம்கூடக் கோணாம. தன் சாமானுக்காக அப்பா இவ்வளவு மெனக்கெட்டிருக்காரேன்னு அவங்களுக்கு அழுகை வந்துடுச்சாம். எல்லாரும் நிக்கும்போது இத எடுத்துக் காட்டுனா நீங்க தலகுனிஞ்சு நிப்பீங்கன்னு, திரும்ப மூடி ஸ்க்ரூவ முறுக்கிட்டாங்களாம்." பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஆனா மாமா, எனக்கு அப்படியெல்லாம் வாய மூடிக்கிட்டு இருக்க வராது. இனிமே நீங்க எதையாச்சும் ஒட்டுனீங்கன்னா அப்பவே சொல்லிடுவேன்" என்றது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல பெண்ணாகப் பார்த்திருக்கிறாய் தம்பி. இந்த வீட்டுக்கு இப்படி ஒருத்தி முப்பது வருஷம் முந்தியே வந்திருக்கிறாள், நான்தான் அவளிடம் எதையும் காட்டவில்லை.

நீ பதினேழு வயதில் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டு எழுந்தாய். நான் நாற்பத்தாறு வயதில் உன்னைக் கத்திக்கொண்டு நின்றேன். அன்று உன் பக்கம்தான் பெரிய மனுஷன் இருந்திருக்கிறான். என் மானத்தை நீ காப்பாற்றினாய், அந்த மானத்தை வைத்துக்கொண்டு நான் பதினொரு வருஷம் உன்னைக் கேலி செய்தேன். ஆகவே, இந்தக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் இதன்மூலம் தெரிவிப்பது: கார்டை எரித்தது மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளையின் அப்பா. சம்பந்தி அவர்கள் இனிமேல் என்னைத்தான் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மிக்சியை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளவும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுதக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அடுத்ததைக் கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். 'பரவாயில்லப்பா' என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கவும் வேண்டாம். இப்போது உன் திரையில் பாதி வரைந்து எது கிடக்கிறதோ, ஒரு பம்பின் மூடியோ வேறு எதுவோ, முடியாமல் கோணலாகக் கிடந்தாலும் சரி, அதை அப்படியே எனக்கு அனுப்பு. இது என்னடா என்று கேட்பேன். கேட்டுவிட்டு, நீ சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பேன்.

அப்பா